மிக்சியா, கிரைண்டரா? கோடிங் எழுத எந்த மென்பொருள் உங்களுக்கு?

பிள்ளைகள் கோடிங் படிக்கலாமா வேண்டாமா என்ற விவாதம் நம் வீடுகளில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது வானொலி நிகழ்ச்சிக்கு வரும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் அடுத்த கட்டக் கேள்வி வருகிறது. மகள் கணினித் துறையில் டிப்ளோமா சேர்ந்திருக்கிறாள். சீனியர் மாணவர் விஎஸ் கோட் போதும் என்கிறார். யூடியூபில் ஒருவர் பைசார்ம்தான் சரி என்கிறார். விரிவுரையாளரோ எக்லிப்ஸ் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறார். எதைப் போடுவது? அதை எந்த மடிக்கணினி தாங்கும்?

கேட்பவர் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான். 2,000 வெள்ளி மடிக்கணினி போதுமா, 4,000 வெள்ளிக்குப் போக வேண்டுமா என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. பிள்ளையின் பக்கம் இன்னொரு கவலை இருக்கிறது. மென்பொருளை ஒழுங்காக நிறுவத் தெரியாமல் முதல் இரண்டு வாரம் சிவப்பு எழுத்துப் பிழைச் செய்திகளோடு போராடும் மாணவன், ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பே “எனக்குக் கோடிங் வராது” என்று முடிவு கட்டிவிடுகிறான். பிரச்சினை அவனிடம் இல்லை, கையில் எடுத்த கருவியில் இருக்கிறது என்று சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

நான் ஊடகவியல் பட்டதாரி. நிரல் எழுதுவது என் தொழில் அல்ல. அதனால் இந்தக் கட்டுரையும் தொழில்முறை நிரலாளர்களுக்கு அல்ல. இந்த உலகத்துக்குள் இப்போதுதான் கால் வைக்கும் பிள்ளைகளுக்கும், பணம் கட்டும் பெற்றோருக்கும், வேலை மாறும்போது கருவியையும் மாற்ற வேண்டியிருக்கும் இளையோருக்கும்.

இரண்டு வகைக் கருவிகள்

நம் சமையலறையில் மிக்சியும் இருக்கிறது, கிரைண்டரும் இருக்கிறது. மிக்சியில் ஜாரை மாற்றினால் சட்னி, மசாலா, பழச்சாறு எல்லாம் ஆகும். அவசரத்துக்கு இட்லி மாவும் அரைக்கலாம். கிரைண்டர் கனமானது, இடத்தை அடைப்பது, ஒரே வேலைக்கானது. ஆனால் நான்கு பேர் சாப்பிடும் வீட்டுக்கு ஒரு வாரத்து மாவை அரைக்க வேண்டும் என்றால் யாரும் மிக்சியைத் தேட மாட்டார்கள்.

கோடிங் மென்பொருள்களிலும் இப்படி இரண்டு வகை உண்டு. மிக்சி வகையில் இன்று முன்னால் நிற்பது மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கோட், சுருக்கமாக விஎஸ் கோட். அது அடிப்படையில் ஓர் எடிட்டர் மட்டும்தான். பைத்தானுக்கு ஒரு ஜார், ஜாவாவுக்கு ஒரு ஜார் என்று ‘எக்ஸ்டென்ஷன்’களை நாம் மாட்டிக்கொள்ள வேண்டும்.

கிரைண்டர் வகையை ஐடிஇ என்பார்கள். நிரல் எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, பிழை தேடுவது, சோதிப்பது என எல்லாம் ஒரே பெட்டியில், ஒரு மொழிக்கோ ஒரு தளத்துக்கோ பொருத்தமாக அமைந்து வரும். பைத்தானுக்குப் பைசார்ம், ஜாவாவுக்கு இன்டெல்லிஜே ஐடியா, ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, ஐபோன் செயலிகளுக்கு எக்ஸ்கோட் ஆகியவை இந்த வகை.

இங்கே பலர் தடுக்கி விழும் ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘விஷுவல் ஸ்டூடியோ’ வேறு, ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’ வேறு. முன்னது 1997 முதல் இருக்கும் முழு ஐடிஇ. விண்டோஸ் கணினியில் சி ஷார்ப், சி பிளஸ் பிளஸ் எழுதுவோருக்கானது. நிறுவினால் பல ஜிகாபைட் இடம் பிடிக்கும். அதன் சின்னம் ஊதா நிறம். பின்னதுதான் எடையில்லாத எடிட்டர். அதன் சின்னம் நீல நிறம். பதிவிறக்கம் செய்வதற்கு முன் நிறத்தைப் பாருங்கள்.

எழுத்தைப் பார்ப்பதும் பொருளைப் புரிந்துகொள்வதும்

நிரல் என்பது வெறும் எழுத்துதான். விண்டோஸில் இருக்கும் நோட்பேடிலேயே எழுதிவிடலாம். பிறகு எதற்கு இவ்வளவு மென்பொருள்கள்?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பைத்தானின் இன்றைய பதிப்புகளில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம். உங்கள் நிரலில் ‘மணி’ என்று ஒரு மாறி இருக்கிறது, அது நேரத்தைக் குறிக்கிறது. அதே நிரலில் வேறோர் இடத்தில் ‘கண்மணி’ என்ற பெயரும், இன்னோர் இடத்தில் ‘மணிமாலை’ என்ற பெயரும் வருகின்றன. இப்போது ‘மணி’ என்பதை ‘நேரம்’ என்று மாற்ற நினைக்கிறீர்கள். சாதாரணமாகத் தேடி மாற்றினால் ‘கண்மணி’ ‘கண்நேரம்’ ஆகிவிடும், ‘மணிமாலை’ ‘நேரம்மாலை’ ஆகிவிடும். நிரல் ஓடாமல் போகவும் கூடும்.

நிரலைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் அப்படிச் செய்யாது. எந்த ‘மணி’ நீங்கள் குறிப்பிடும் மாறி, எது வேறு பெயரின் ஒரு பகுதி என்று அதற்குத் தெரியும். பத்துக் கோப்புகளில் சிதறிக் கிடந்தாலும் சரியான இடங்களை மட்டும் மாற்றித் தரும். ஒரு பெயரைச் சொடுக்கினால் அது முதலில் எங்கே எழுதப்பட்டது என்று கூட்டிப்போகும். ஓடும் நிரலை ஒரு வரியில் நிறுத்தி, அந்த நொடியில் எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டும்.

ஆக, எடிட்டரை ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்வி அழகு, நிறம் பற்றியது அல்ல. என் மொழியை இது எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொள்கிறது என்பதுதான். ஒரே மொழிக்கென்று அமைந்த ஐடிஇக்கள் பல ஆண்டுகளாக இதில்தான் முன்னால் இருந்தன.

பழைய சண்டை, புதிய ஆட்டக்காரர்கள்

இது நேற்று தொடங்கிய வாக்குவாதம் இல்லை. விஐ, ஈமேக்ஸ் ஆகிய இரண்டு எடிட்டர்களும் 1976இல் பிறந்தவை. எது உயர்ந்தது என்று நிரலாளர்கள் இன்றும் வேடிக்கையாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

1983இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்ற மென்பொருளை 49.95 அமெரிக்க டாலருக்கு விற்றது. அதுவரை ஒரு மென்பொருளில் நிரலை எழுதி, மூடி, இன்னொரு மென்பொருளில் கொடுத்து மொழிமாற்றி, பிழை வந்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. டர்போ பாஸ்கலில் எழுதும் திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஐடிஇ என்ற எண்ணம் சாதாரண மக்களின் மேசைக்கு வந்தது இப்படித்தான். அதை உருவாக்கிய டென்மார்க்காரர் ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பர்க் பிற்காலத்தில் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மொழிகளையும் வடிவமைத்தார்.

2001இல் இரண்டு பெரிய ஜாவா கருவிகள் வந்தன. செக் குடியரசின் பிராக் நகரில் தொடங்கிய ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் இன்டெல்லிஜே ஐடியா ஒன்று. ஐபிஎம் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட எக்லிப்ஸ் இன்னொன்று. நம் ஊர் அலுவலகங்களில் இன்று நாற்பது வயதைத் தாண்டிய ஜாவா நிரலாளர்கள் பலர் எக்லிப்ஸில் வளர்ந்தவர்கள். உங்கள் விரிவுரையாளர் அதைச் சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

எக்லிப்ஸின் ஜாவா கருவிகளை உருவாக்கிய குழுவை வழிநடத்திய சுவிட்சர்லாந்துக்காரர் எரிக் காமா, 2011இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். கனமான கருவியைச் செய்து பழகியவர் அங்கே சூரிக் நகரில் ஒரு குழுவை வைத்துக்கொண்டு எடை குறைந்த எடிட்டர் ஒன்றைச் செய்தார். 2015 ஏப்ரலில் அது விஎஸ் கோட் என்ற பெயரில் அறிமுகமானது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் 2024இல் நடத்திய நிரலாளர் கருத்தாய்வில் 100 பேரில் ஏறக்குறைய 74 பேர் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

இடைவெளி குறைந்த கதை

எல்லா மொழிக்குமான ஓர் எடிட்டர், ஒரு மொழிக்கான ஐடிஇயோடு போட்டி போடும் நிலைக்கு எப்படி வந்தது? 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோட்என்வி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த ஒரு பொது விதிமுறை அதற்கு முக்கியக் காரணம். லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்பது அதன் பெயர்.

கணக்கு எளிது. உலகில் 10 எடிட்டர்கள், 20 நிரலாக்க மொழிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தால் 200 முறை வேலை செய்ய வேண்டும். மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதியைத் தனியாகப் பிரித்து, எடிட்டரும் அதுவும் பேசிக்கொள்ள ஒரு பொது விதியை வைத்துவிட்டால், 10 எடிட்டர்களும் 20 மொழிப் பகுதிகளுமாக 30 முறை செய்தால் போதும். மிக்சியின் எல்லா ஜார்களுக்கும் ஒரே அடிப்பகுதி என்ற ஏற்பாடு இதுதான்.

இதனால்தான் இன்று விஎஸ் கோடில் பைத்தான், ஜாவா, கோ, ரஸ்ட் என்று எதற்கும் ஓரளவு நல்ல துணை கிடைக்கிறது. ‘ஓரளவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜார் செய்தவர் யார் என்பதைப் பொறுத்து அரைப்பும் மாறும். சில மொழிகளுக்கான எக்ஸ்டென்ஷன் மிகச் சிறப்பு, சிலவற்றுக்குச் சுமார். பல்லாயிரம் கோப்புகள் கொண்ட ஒரு ஜாவா திட்டத்தில் பெரிய அளவில் பெயர் மாற்றுவது, ஒரு பகுதியை வெட்டி இன்னோர் இடத்துக்கு நகர்த்துவது போன்ற வேலைகளில் இன்டெல்லிஜே போன்றவற்றின் பக்குவம் இன்னும் தனிதான்.

இரண்டு வகையையும் ஒரே நிறுவனம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மொழிக்கொரு ஐடிஇ விற்றுப் பேர் வாங்கிய ஜெட்பிரெயின்ஸ், 2021இல் ஃப்ளீட் என்ற எடையில்லாத எடிட்டர் ஒன்றை அறிவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பரில் அதை நிறுத்திக்கொண்டது. கிரைண்டரில் பேர் வாங்கியவர் மிக்சி செய்வது அவ்வளவு சுலபமில்லை போலும்.

தேர்வே இல்லாத இடங்கள்

சில வேலைகளில் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. ஐபோனுக்கான செயலியை ஆப்பிளின் வழியில் எழுதி வெளியிட எக்ஸ்கோட் வேண்டும். எக்ஸ்கோட் மேக் கணினியில் மட்டுமே ஓடும். விண்டோஸ் மடிக்கணினி வாங்கிவிட்டு ஐஓஎஸ் வகுப்பில் சேர்ந்தால் முதல் நாளே சிக்கல். வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் கூகளின் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. 2013இல் அறிவிக்கப்பட்ட இதன் அடித்தளமும் ஜெட்பிரெயின்ஸின் இன்டெல்லிஜேதான். விஎஸ் கோடில் ஆண்ட்ராய்டு செயலி எழுத வழிகள் இருந்தாலும், கோட்லின் மொழியில் முறையாகக் கற்கும் மாணவர் நேரடியாக ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டுக் கணக்கு

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம்.

விஎஸ் கோட் ஏறக்குறைய எந்த மடிக்கணினியிலும் ஓடும். பதிவிறக்கமே 200 மெகாபைட்டுக்குள்தான். 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள பழைய கணினி வீட்டில் இருந்தால் பைத்தானும் இணையப்பக்கமும் கற்க அதுவே போதும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ அப்படி இல்லை. அதை மட்டும் ஓட்டக் குறைந்தது 8 ஜிகாபைட், கணினித் திரையில் போலிக் கைப்பேசியைக் காட்டும் ‘எமுலேட்டர்’ஐயும் சேர்த்து ஓட்ட 16 ஜிகாபைட் என்று கூகளே சொல்கிறது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. எமுலேட்டரை விட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, செயலியை அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். கைப்பேசியின் அமைப்புகளில் ‘யுஎஸ்பி டீபக்கிங்’ என்பதை இயக்கினால் போதும். 8 ஜிகாபைட் கணினி வைத்திருக்கும் மாணவருக்கு இந்த ஒரு கம்பி பெரிய செலவைத் தள்ளிப்போடும்.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ள முடியுமா? மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. கூட்ட முடிகிற கணினி என்றால் 8 ஜிகாபைட்டில் தொடங்கி, தேவை வரும்போது 16 ஆக்கலாம்.

மென்பொருளின் விலையைப் பற்றி ஒரு நல்ல செய்தி. விஎஸ் கோட், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எக்ஸ்கோட், எக்லிப்ஸ் ஆகியவற்றைப் பதிவிறக்கக் கட்டணம் இல்லை. ஜெட்பிரெயின்ஸின் கட்டணப் பதிப்புகளையும் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் இலவசமாகப் பெறலாம். கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் விண்ணப்பம் எளிது. பைசார்மின் அடிப்படை வசதிகள் எல்லாருக்குமே இலவசம். இணையப்பக்க வேலைக்கான வெப்ஸ்டார்ம், சி ஷார்ப் வேலைக்கான ரைடர் ஆகிய இரண்டையும் 2024 அக்டோபர் முதல் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசமாக்கினார்கள்.

அந்த ‘வணிக நோக்கமில்லாத’ என்ற சொற்களில்தான் இளையோர் கவனமாக இருக்க வேண்டும். வார இறுதியில் ஒரு கடைக்காரருக்கு இணையப்பக்கம் செய்து கொடுத்து 500 வெள்ளி வாங்கினால் அது வணிகம். கல்லூரி முடிந்ததும் மாணவர் உரிமமும் முடிந்துவிடும். தனியாகத் தொழில் செய்ய நினைப்பவர்கள் கட்டணத்தையும் தொழில் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது வணிகத்துக்கும் கட்டணம் கேட்காத கருவியைப் பழகிக்கொள்ள வேண்டும்.

விஎஸ் கோட் பக்கமும் நுணுக்கமான எழுத்துகள் உண்டு. அதன் மூல நிரல் திறந்ததுதான். ஆனால் அதற்காக மைக்ரோசாஃப்ட் வெளியிடும் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் அப்படி இல்லை. பைத்தானைப் புரிந்துகொள்ள உதவும் பைலான்ஸ் என்பதன் உரிமம், மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளுக்குள் மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. இலவசம் என்பதும் கட்டுப்பாடில்லாதது என்பதும் ஒன்றல்ல.

கண்ட கண்ட ஜாரை மாட்டாதீர்கள்

எக்ஸ்டென்ஷன்தான் விஎஸ் கோடின் பலம். கவனிக்காவிட்டால் அதுவே ஆபத்தும்கூட. நீங்கள் நிறுவும் எக்ஸ்டென்ஷன், விஎஸ் கோடுக்கு உங்கள் கணினியில் என்னென்ன அனுமதி இருக்கிறதோ அத்தனையோடும் ஓடும். கோப்புகளைப் படிக்கலாம், எழுதலாம், இணையத்துக்கு அனுப்பலாம். நிறம் மாற்றுவதற்கென்று ஏற்றிய ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனுக்கும் இது பொருந்தும்.

அலுவலக நிரலை எடுத்துவந்து வீட்டுக் கணினியில் வேலை பார்ப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். வாடிக்கையாளரின் கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பு கசிந்தால் போவது கணினி மட்டுமல்ல, வேலையும்தான்.

செய்ய வேண்டியது மூன்றுதான். முதலாவது, யார் வெளியிட்டது என்று பாருங்கள். சரிபார்க்கப்பட்ட வெளியீட்டாளருக்கு நீல நிறச் சரி அடையாளம் இருக்கும். புகழ்பெற்ற பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது, தேவையான நான்கைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது, முன்பின் தெரியாதவரின் நிரல் தொகுப்பைத் திறக்கும்போது “இதை எழுதியவரை நம்புகிறீர்களா?” என்று விஎஸ் கோட் கேட்கும். படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்தாதீர்கள்.

ஐடிஇக்களிலும் துணை நிரல்கள் உண்டு, அங்கும் இதே கவனம் தேவை. ஆனால் அவற்றில் தேவையானவை பெரும்பாலும் பெட்டியிலேயே வந்துவிடுவதால் வெளியில் தேடும் அவசியம் குறைவு.

யாருக்கு எது?

இனி நம் வீடுகளில் இருக்கும் சிலரை எடுத்துக்கொள்வோம்.

படிவம் 1 முதல் 3 வரை பைத்தான் தொட்டுப்பார்க்கும் பிள்ளை. இவர்களுக்கு விஎஸ் கோடும் வேண்டாம், பைசார்மும் வேண்டாம். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோன்னி என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. இலவசம். பைத்தானையும் உள்ளேயே வைத்திருப்பதால் நிறுவிய ஐந்து நிமிடத்தில் முதல் நிரலை ஓட்டிவிடலாம். ஒவ்வொரு வரியும் ஓடும்போது மாறிகளில் என்ன மாறுகிறது என்று காட்டும். நான் மேலே சொன்ன ‘எனக்குக் கோடிங் வராது’ என்ற எண்ணத்துக்கு இது நல்ல மருந்து.

படிவம் 4இல் கணினி அறிவியல் எடுத்து ஜாவா படிக்கும் மாணவி. ஆசிரியர் வகுப்பில் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே வீட்டிலும் போடுங்கள். திரையில் பொத்தான் வேறு இடத்தில் இருந்தால் பாதிப் பாடம் அதைத் தேடுவதிலேயே போய்விடும். கருவியைப் பற்றிய கருத்து வேறுபாட்டைத் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டிப்ளோமா அல்லது பட்டப்படிப்பு மாணவர். ஒரே ஆண்டில் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், எஸ்க்யூஎல், சி என்று மாறி மாறி வரும். இவருக்கு விஎஸ் கோட் நல்ல வீடு. ஆனால் அதில் பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டும், எக்ஸ்டென்ஷனையும் போட வேண்டும், பைத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போவதுதான் முதல் வாரச் சிவப்பு எழுத்துகளுக்குப் பெரும்பாலும் காரணம். பெரிய ஜாவா திட்டம் ஒன்று செமஸ்டரில் வந்தால், மாணவர் உரிமத்தில் இன்டெல்லிஜேயை அந்த வேலைக்கென்று போட்டுக்கொள்ளலாம்.

தரவுகளோடு வேலை செய்பவர். ஆர் மொழியில் புள்ளியியல் பார்ப்பவர்களுக்கு ஆர்ஸ்டூடியோ பழகிய வீடு. சுவாரசியம் என்னவென்றால், அதைச் செய்த போசிட் நிறுவனம் பைத்தானும் ஆரும் சேர்ந்து எழுதுவோருக்காகப் பாசிட்ரான் என்ற புதிய கருவியை உருவாக்கியபோது, விஎஸ் கோடின் திறந்த மூல நிரலையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. மிக்சியின் அடிப்பகுதியை வாங்கி அதன்மேல் கிரைண்டர் செய்வது போல. இரண்டு வகைக்கும் இடையே இருந்த கோடு அழிந்துவருவதை இது காட்டுகிறது.

வேலைக்குப் போகும் இளையோர். தினமும் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு வங்கியின் ஜாவா குழுவில் வேலை பார்க்கிறீர்கள் என்றால், குழு எதைப் பயன்படுத்துகிறதோ அதுவே உங்கள் கருவி. பக்கத்து மேசைக்காரர் ஒரு குறுக்கு விசையைச் சொல்லும்போது அது உங்கள் திரையிலும் வேலை செய்ய வேண்டும். நிரலைப் பார்ப்பது உங்கள் சொந்த விருப்பம் என்றாலும், நிரலின் இடைவெளியும் அமைப்பும் குழுவின் விதிப்படி இருக்கட்டும். கருவி மாறும்போது விரல் பழக்கம் போய்விடுமே என்ற பயமும் வேண்டாம். ஜெட்பிரெயின்ஸ் கருவிகளில் விஎஸ் கோடின் விசைகளைத் தேர்ந்தெடுக்கலாம். விஎஸ் கோடில் இன்டெல்லிஜேயின் விசைகளைத் தரும் எக்ஸ்டென்ஷனும் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு?

“இனிமேல் ஏஐதானே எழுதப்போகிறது, எந்த எடிட்டராக இருந்தால் என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. இன்று பேசப்படும் கர்சர் போன்ற ஏஐ எடிட்டர்கள் விஎஸ் கோடின் திறந்த நிரலில் இருந்து கிளைத்தவை. அதனால் விஎஸ் கோட் பழகியவருக்கு அவை அந்நியமாக இருக்காது. ஜெட்பிரெயின்ஸும் தன் கருவிகளில் ஏஐ உதவியைச் சேர்த்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கருவி மாற வேண்டியதில்லை.

கற்கும் பிள்ளைகளின் வீட்டில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாதி வரி எழுதும்போதே மீதியை எழுதிக் காட்டும் ஏஐ வசதியை முதல் சில மாதங்களுக்கு அமைப்புகளில் நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் விடை சொல்லிக்கொண்டே இருந்தால் வாய்ப்பாடு மனதில் நிற்காது. தேர்வு அறையிலும் வேலைக்கான நேர்முகத்திலும் அந்த நபர் கூட வரமாட்டார்.

இரண்டு வாரச் சோதனை

இன்னும் குழப்பமாக இருந்தால், பிறர் கருத்தை ஓரமாக வைத்துவிட்டு நீங்களே அளந்து பாருங்கள். ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மாதச் செலவை வகைவாரியாகக் கூட்டிக் காட்டும் நிரல் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் எடிட்டரில், இரண்டாம் வாரம் ஐடிஇயில் அதே வேலையைச் செய்யுங்கள். நான்கு விஷயங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

• நிறுவத் தொடங்கியதில் இருந்து முதல் வரி ஓடும்வரை எவ்வளவு நேரம் ஆனது?

• வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்தால், நிரலை நடுவில் நிறுத்தி அதைக் கண்டுபிடிக்க முடிந்ததா?

• மென்பொருள் திறந்திருக்கும்போது கணினி திணறியதா, விசிறி கத்தியதா?

• மாட்டிக்கொண்டபோது கேட்க ஆள் இருந்தாரா? ஆசிரியரோ நண்பரோ அதே கருவியைப் பயன்படுத்துகிறாரா?

இரண்டாவது வாரத்தில் அதே நிரலை எழுதுவது இயல்பாகவே எளிதாக இருக்கும். அதனால் எழுதிய வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இந்த நான்கு பதில்களை வைத்து முடிவு செய்யுங்கள். பெரும்பாலான வீடுகளில் நான்காவது பதிலே முடிவைச் சொல்லிவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கருவியோடு சேர்த்து மூன்றைப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தாமல் கட்டளைத் திரையில் நிரலை ஓட்டுவது, கிட் கொண்டு நிரலின் பழைய பதிப்புகளைப் பத்திரப்படுத்துவது, பிழைச் செய்தியை முழுதாகப் படிப்பது. இந்த மூன்றும் எந்த எடிட்டரிலும் ஒன்றுதான். அவை கையில் இருந்தால், அடுத்த வேலையில் வேறொரு மென்பொருளைக் கொடுத்தாலும் பழகச் சில நாள்கள் போதும். மடிக்கணினி வாங்கக் கிளம்புவதற்கு முன் கல்லூரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டு, முதல் ஆண்டில் எந்த மொழி, எந்த மென்பொருள் என்று கேட்டுவிடுங்கள்.